நாலாம் நம்பருக்குத் தெளித்த தண்ணீர்

கெட்டியாருக்கு அந்தப் பட்டப்பெயரை யாரும் வைக்கவில்லை, அவராகச் சம்பாதித்துக்கொண்டது. எந்தச் சுவரைப் பூசி முடித்தாலும் கரண்டியைத் திருப்பிப் பிடித்து, அதன் பிடியால் இரண்டு தட்டுத் தட்டி, "கெட்டி!" என்று சொல்லிவிட்டுத்தான் சாரத்தை விட்டு இறங்குவார். இருபத்திரண்டு வருடமாக எத்தனையோ சுவர்களுக்கு அவர் வாயால் அந்தச் சான்றிதழ் கிடைத்திருக்கிறது. அப்படிப்பட்டவரைப் பழைய தபால் நிலையத்தின் பின்சுவரில் கொண்டுபோய் நிறுத்தி, "இங்க கெட்டியா இருக்கக் கூடாது" என்று ஒருவர் சொன்னபோது, அவரையே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியதுபோல் இருந்தது.

சொன்னவர் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த அம்மா. எல்லாரும் டெஸ்ட் மேடம் என்றார்கள். ஒடிசலான உடம்பு. பைக்குள் எப்போதும் ஒரு சின்ன உளியும் மருந்து பீச்சுகிற பாட்டிலும் இருக்கும். வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்.

"இந்தச் செங்கல்லுக்கு நூத்தி அறுபது வயசு. அவ்வளவு உரம் கிடையாது. இது மேல பூசுற சாந்து இதைவிட உரம் கம்மியா இருக்கணும். சுவருக்குள்ள ஏறுற ஈரம் சாந்து வழியாத்தான் வெளிய போகணும். அதை அடைச்சுட்டா கல்லு வழியாப் போகும், கல்லு மாவாயிடும். தேயுறதா இருந்தா சாந்து தேயட்டும். சாந்தைத் திரும்பப் பூசிக்கலாம். கல்லுக்கு எங்க போறது?"

இதற்கு உதாரணம் தேடி அவர் தூரம் போகவில்லை. முன்வாசல் தூணுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு வருடத்துக்கு முன் யாரோ சிமெண்டால் ஒட்டுப்போட்டிருந்தார்கள். ஒட்டு பாறை மாதிரி அப்படியே நின்றது. சுற்றியிருந்த செங்கல்தான் விரல் பட்டால் சிவப்புப் பொடியாகக் கொட்டியது.

"யாரு செஞ்சதோ, நல்ல வேலைக்காரர்தான்" என்றார் டெஸ்ட் மேடம், கையைத் தட்டிக்கொண்டே. "ஆனா கல்லைக் கொன்னுட்டாரு."

அந்த 'யாரோ' கெட்டியார்தான். நின்றவர்களில் பாதிப்பேருக்கு அது தெரியும். ஒருவன் வேண்டுமென்றே இருமினான். கெட்டியார் செருப்பில் ஏதோ ஒட்டிக்கொண்டதுபோல் குனிந்துகொண்டார்.

புதுச் சாந்துக்கு மூட்டை சிமெண்ட் எதுவும் வேண்டாம் என்று முடிவாகியிருந்தது. பக்கத்துச் சூளைச் சுண்ணாம்பு, மணல், அதோடு அந்தக் கட்டடத்திலேயே உடைந்து கிடந்த செங்கல்லை இடித்துச் சலித்த நொய். அவ்வளவுதான். நாளைக்குப் பெயர்த்தாலும் இடித்துத் திரும்பக் கலக்கலாம், குப்பைக்குப் போகாது. ஆனால் எதில் எவ்வளவு என்பதுதான் கேள்வி. அதற்காக ஆறு மேஸ்திரிகளும் அவரவர் கைப்பக்குவத்தில் கலந்து, வெயில் படாத பின்சுவரில் ஆளுக்கொரு கதவகலத்துக்குப் பூசினார்கள். கரித்துண்டால் ஒன்று முதல் ஆறு வரை நம்பர் போட்டாயிற்று. மூன்று மாதம் கழித்துச் சோதனை. எந்தச் சாந்து தேறுகிறதோ அதுதான் கட்டடம் முழுக்க. அதைக் கலந்தவர்தான் இரண்டு வருட வேலைக்குத் தலைமை மேஸ்திரி.

மூன்றாம் நம்பர் கெட்டியாருடையது. நாலாம் நம்பர் அவருடைய சகலையுடையது.

சகலை என்றால் மனைவியின் தங்கையைக் கட்டியவர். ஆறு வருடத்துக்கு முன்வரை பேக்கரியில் மாவு பிசைந்துகொண்டிருந்தார். பேக்கரியை மூடினார்கள். மாமியார் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "பெரிய மாப்பிள்ளை, சின்னவருக்கும் ஒரு வழி பண்ணுங்க" என்றார். கெட்டியார் வழி பண்ணினார். மணல் சலிக்கிற ஆளாகத்தான் கூட்டிவந்தார். வந்தவர் மணலோடு நிற்காமல் சாந்துக்கு வந்து, சாந்திலிருந்து கரண்டிக்கு வந்து, இப்போது நாலாம் நம்பர் வரை வந்துவிட்டார். வேலையிடத்தில் அவருக்குப் பன்னு என்று பெயர். பெயரில் கேலி இருந்ததே தவிர, கூப்பிட்டவர்கள் குரலில் இல்லை. அதுவே கெட்டியாருக்குப் பொறுக்கவில்லை.

பன்னு சாந்து கலக்கிற விதமே தனி. முழங்கை வரை கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு பிசைவார். "இன்னும் ஒரு பிடி நொய் கேக்குது" என்பார். டெஸ்ட் மேடம் பக்கத்தில் நின்று வாயைப் பிளந்து பார்ப்பார்.

"கேக்குதாமே!" என்று கெட்டியார் ஒருநாள் பக்கத்திலிருந்தவனிடம் முணுமுணுத்தார். "இவருகிட்ட மட்டும் வந்து கேக்குது. நான் இருபத்திரண்டு வருஷமாக் கலக்குறேன், என்கிட்ட ஒரு வாய்த் தண்ணிகூடக் கேட்டதில்ல."

முகத்துக்கு நேரே அப்படி ஒரு வார்த்தை வராது. சகலைக்குச் சகலை மரியாதை. "வாங்க சகலை", "சாப்பிட்டாச்சா சகலை" என்று வாய் சிரிக்கும். வயிறு மட்டும் தனியாக எரிந்துகொண்டிருக்கும். மாமியார் வீட்டில் கை வைத்த நல்ல நாற்காலி ஒன்றே ஒன்றுதான். மின்விசிறிக்கு நேர்கீழே கிடக்கும். கல்யாணமான நாளிலிருந்து அதில் கெட்டியார்தான் உட்கார்ந்தார். போன வருடத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் போவதற்குள் பன்னு அதில் உட்கார்ந்திருக்கிறார். யாரும் எழுப்புவதில்லை. கெட்டியார் பாயில் உட்கார்ந்து, "கீழதான் காத்து நல்லா வருது" என்று சொல்லிக்கொள்வார்.

சாந்து பூசி ஐந்தாம் நாள் இடி விழுந்தது. ஆய்வுக்கூடத்தில் இந்தக் கலவைகளை அச்சில் வார்த்து உடைத்துப் பார்க்க ஒரு கை வேண்டுமாம். டெஸ்ட் மேடம் பன்னுவைக் கேட்டார். ஒரு மாதம். தங்க இடம், போகவர வண்டி, எல்லாம் அவர்கள் பொறுப்பு.

புறப்படுகிற அன்று காலையில் பன்னு கெட்டியாரின் கையைப் பிடித்துக்கொண்டார். "சகலை, என் நாலாம் நம்பரைக் கொஞ்சம் பாத்துக்கணும். மூணு வேளை லேசாத் தண்ணி தெளிச்சாப் போதும்னு மேடம் சொன்னாங்க. உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

"இதையெல்லாம் சொல்லணுமா? என் பிள்ளை வேற, உங்க பிள்ளை வேறயா?" என்றார் கெட்டியார். சொல்லும்போது வாயில் சுண்ணாம்புத் தண்ணீர் பட்டதுபோல் காந்தியது.

அன்றிலிருந்து பின்சுவரில் இரண்டு பிள்ளைகள் வளர்ந்தன.

மூன்றாம் நம்பர் செல்லப்பிள்ளை. சிமெண்ட் வேலையில் வளர்ந்தவருக்குத் தண்ணீர்தான் தாய்ப்பால். எவ்வளவு விடுகிறோமோ அவ்வளவு இறுகும் என்பது அவர் ரத்தத்தில் ஊறிய பாடம். டெஸ்ட் மேடம் ஆறு பேரையும் நிற்கவைத்து, "சுண்ணாம்பு காத்தைக் குடிச்சுத்தான் இறுகும், ஊறவைக்காதீங்க, லேசா ஈரம் காட்டினாப் போதும்" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கெட்டியாரும் மண்டையை ஆட்டியிருந்தார். படித்தவர்கள் சொல்வதற்கு ஆமாம் போட்டுவிட்டு, கைக்குத் தெரிந்ததைச் செய்வதுதான் அவர் வழக்கம். ரப்பர் குழாயை இழுத்துவந்து காலை, மதியம், மாலை மூன்று வேளையும் சுவர் வழிய வழிய அடித்தார். கோணிச்சாக்கை நனைத்து மேலே தொங்கவிட்டார். அது போதாதென்று நாலாம் நம்பர் மேல் கிடந்த சாக்கையும் உருவி, தன்னுடையதற்கு இரண்டாம் போர்வையாகப் போர்த்தினார்.

நாலாம் நம்பருக்கு ஒரு சொட்டும் விடக் கூடாது என்றுதான் முதல் நாள் நினைத்தார். ஆனால் கொடுத்த வாக்கு ஒன்று இருக்கிறதே. பின்சுவரை ஒட்டித்தான் குழாயடி. அங்கே கை கழுவிவிட்டு, விரலில் மிச்சமிருக்கும் ஈரத்தைச் சுவரைப் பார்த்து உதறினார். 'இந்தா, குடி.' வேலைக்கு வந்ததும் ஒருமுறை கை கழுவுவார். சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை. வேலை முடிந்ததும் ஒருமுறை. மூன்று உதறல். கணக்கு சரி, வாக்குத் தவறவில்லை.

அப்புறம் கட்டைவிரல் நகத்தால் நாலாம் நம்பரைச் சீண்டிப் பார்ப்பார். எங்காவது தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் ஓடாதா? மூக்கு சுவரில் உரசும் அளவுக்குக் கிட்டத்தில் போய்த் தேடுவார்.

"என்ன கெட்டியாரே, சகலை மேல அவ்வளவு பாசமா? அவரு சாந்துக்கு முத்தம் கொடுக்குறீங்க" என்பான் ரெண்டாம் நம்பர் மேஸ்திரி.

"எறும்பு ஊருதான்னு பாத்தேன்யா."

விரிசல் ஓடவில்லை. ஒருநாள் ஓடும் என்று நம்பிக்கையோடு காத்திருந்தார். ஒரு மாதம் போய்ப் பன்னு திரும்பிவந்தார். வந்ததும் மேடம் அவரை முன்பக்கத்தில் நொய் சலிக்க விட்டதால், நாலாம் நம்பர் கெட்டியார் பொறுப்பிலேயே இருந்தது. வெளியூர்த் தண்ணீரில் முகம் மினுக்கென்று இருந்தது. அந்தக் கோபத்தில் கெட்டியார் மூன்றாம் நம்பருக்கு இன்னும் இரண்டு மாதம், சோதனைக்கு முந்தின நாள் வரை, குழாயை நிறுத்தவில்லை.

சோதனை அன்று டெஸ்ட் மேடம் உளியால் ஒவ்வொரு சாந்திலும் ஓரத்தில் ஒரு கீறல் வெட்டி, பாட்டிலிலிருந்து மருந்தைப் பீச்சினார். "நிறம் மாறலைன்னா இறுகியிருக்குன்னு அர்த்தம். ரோஸ் கலரானா இன்னும் பச்சையா இருக்குன்னு அர்த்தம்" என்றார்.

ஒன்றாம் நம்பர் வெளிர் ரோஸ். இரண்டாம் நம்பரும் அதே நிறம். மூன்றாம் நம்பரில் உளி வைத்ததுமே தயிரில் கரண்டி இறங்குவதுபோல் இறங்கியது. மருந்து பட்டதும் பளீரென்று ஒரு ரோஸ். கடையில் பெண்பிள்ளைகளுக்கு விற்கிற நாடா நிறம். யாரோ விசில் அடித்தார்கள்.

நாலாம் நம்பரில் உளி 'டக்' என்றது. மருந்து பட்டு வழிந்து கீழே சொட்டியது. நிறமே இல்லை. ஐந்தும் ஆறும் மறுபடி வெளிர் ரோஸ்.

"இதுதான்" என்றார் டெஸ்ட் மேடம். கண் கலங்கினாற்போல் இருந்தது. "இதுக்கு ஈரம் காட்டினது யாரு? பன்னு ஒரு மாசம் என்கூட இல்ல இருந்தாரு?"

"எங்க சகலைதான் மேடம்!" பன்னு கெட்டியாரின் தோளைக் கட்டிக்கொண்டார். "பெத்த பிள்ளை மாதிரி பாத்திருக்காரு. அவரோடதுகூட இப்படி ஆயிப்போச்சு, பாருங்க. என்னோடதைப் பாத்துப் பாத்து அவரோடதை விட்டுட்டாரு போல."

கெட்டியாருக்கு அந்தத் தோளை உதற வேண்டும்போலவும், மண்ணுக்குள் போய்விட வேண்டும்போலவும் இருந்தது.

"எவ்வளவு தெளிச்சீங்க?" என்று கேட்டார் டெஸ்ட் மேடம், நோட்டைத் திறந்தபடி.

"நீங்க சொன்ன மாதிரிதான் மேடம். மூணு வேளை. லேசா."

"ரெண்டுக்குமா?"

"ரெண்டுக்கும் ஒண்ணாத்தான்."

அவர் எழுதிக்கொண்டார். "அப்ப மூணாம் நம்பர் கலவையிலதான் கோளாறு. மணல் ரொம்பப் பொடி, நெருக்கமாயிடுச்சு."

பன்னு தலைமை மேஸ்திரி ஆனார். அந்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் நாற்காலிக்கு ஒரு புது மெத்தைகூடப் போட்டிருந்தார்.

வீடு திரும்பும் வழியில் மனைவி கெட்டியாரின் முகத்தைப் பார்த்தாள். "ஏங்க, அவர் நல்லாயிருந்தா என் தங்கச்சிதானே நல்லாயிருப்பா?"

"நான் என்ன சொன்னேன்?"

"நீங்க ஒண்ணும் சொல்லல. உங்க மூக்குதான் சொல்லுது, விடைச்சுக்கிட்டு."

கட்டடத்தின் முதல் சுவரில் வேலை தொடங்கியது. நாலாம் நம்பருக்கு ஈரம் காட்டிய கை ராசியான கை என்று சொல்லி, சுவர் முழுவதற்கும் தண்ணீர் விடுகிற பொறுப்பைப் பன்னு கெட்டியாரிடமே கொடுத்தார்.

அன்று கெட்டியார் தன்னோடு ஒரு பேச்சுவார்த்தை நடத்தினார். பன்னு எக்கேடும் கெடட்டும். சுவர் என்ன பாவம் செய்தது? ஏற்கெனவே ஒருமுறை இதே கட்டடத்தைக் கெடுத்தவன் என்ற பெயர் இருக்கிறது. இந்த முறை வஞ்சகம் வேண்டாம். பெற்ற பிள்ளைக்குச் செய்ததையே இதற்கும் செய்வோம். இப்படி நல்ல மனதோடு ரப்பர் குழாயை எடுத்தார். மூன்று வேளையும் வழிய வழிய அடித்தார். சாக்கு மேல் சாக்காகப் போர்த்தினார்.

பன்னு ஒருமுறை வந்து நின்று தயங்கினார். "சகலை, கொஞ்சம் அதிகமோ?"

"சகலை, ரொட்டிக்கு எவ்வளவு தண்ணின்னு நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன். சுவத்துக்கு எவ்வளவுன்னு எனக்குத் தெரியும்."

பன்னு மூத்தவரிடம் வாயாடுகிறவர் அல்ல. தலையை ஆட்டிவிட்டுச் சாந்துத் தொட்டிக்குப் போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து டெஸ்ட் மேடம் வந்தார். முந்தின நாளே சாக்குகளை எடுத்து ஒதுக்கியிருந்தார்கள். உளி இறங்கியது. மருந்து பட்டது. இருபதடி நீளத்துக்கு அதே நாடா நிறம்.

யாரும் விசில் அடிக்கவில்லை.

"தண்ணி?" என்று கேட்டார் டெஸ்ட் மேடம்.

"நாலாம் நம்பருக்குச் செஞ்ச மாதிரியேதான் மேடம்" என்றார் கெட்டியார். அந்த நிமிடத்தில் வேறு எதுவும் அவர் வாயில் வரவில்லை. பழைய பொய்க்கு முட்டுக்கொடுக்கப் புதுப் பொய்.

"அப்ப பெரிய அளவுல கலக்கும்போது உங்க கை மாறியிருக்கு" என்றார் அவர் பன்னுவிடம், மெதுவாக. பன்னு தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

கட்டடத்துக்குப் பொறுப்பான ஆபீசர் அவ்வளவு மெதுவாகப் பேசவில்லை. "அஞ்சு மாசம் போச்சு. எல்லாத்தையும் செதுக்கி எறிங்க. திங்கட்கிழமை சிமெண்ட் இறங்குது." பிறகு கெட்டியார் பக்கம் திரும்பினார். "நீங்க போட்ட ஒட்டு பன்னிரண்டு வருஷமா அசையாம நிக்குது. நீங்களே தலைமை எடுத்துக்குங்க."

கெட்டியாருக்கு வாயெல்லாம் பல்லாக வேண்டும். பத்துப் பேர் முன்னால், டெஸ்ட் மேடம் முன்னால், பன்னு முன்னால். இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் சிரிப்பு பாதிவழியில் நின்றது. ஆபீசர் காட்டிய ஒட்டுக்குக் கீழே, அன்றைக்கு உதிர்ந்த சிவப்புப் பொடி சின்னக் கூம்பாகக் குவிந்து கிடந்தது.

வேலை முடிந்ததும் குழாயடியில் கை கழுவினார். பழக்கதோஷம், விரல் ஈரத்தை நாலாம் நம்பர் மேல் உதறினார். அப்படியே களைப்போடு பக்கத்தில் மூன்றாம் நம்பர் மேல் சாய்ந்தார். சோதனையில் தோற்ற நாளிலிருந்து அதை யாரும் சீந்தவில்லை. தண்ணீர் இல்லை, சாக்கு இல்லை, சும்மா காற்றில் கிடந்தது. சாய்ந்தவர் கட்டைவிரல் நகத்தால் கீறினார்.

நகம் இறங்கவில்லை.

திடுக்கிட்டு நிமிர்ந்தார். இன்னும் அழுத்திக் கீறினார். நகந்தான் மழுங்கியது. கரண்டியைத் திருப்பிப் பிடித்துத் தட்டினார். 'டக்.' இன்னொரு இடத்தில். 'டக்.'

அதே சாந்து. அதே பொடி மணல். தயிராகக் கிடந்தது இரண்டு மாதத்தில் தானாக இறுகியிருக்கிறது. நனைத்த துணியைச் சுருட்டி வைத்தால் காயுமா? பிரித்துக் காற்றில் போட்டால்தானே காயும். காற்றைக் குடித்துத்தான் இறுகும் என்று அந்த அம்மா தொண்டை வறளச் சொன்னாரே. கெட்டியார்தான் பாசமாக ஊட்டி ஊட்டி மூச்சை அடைத்திருக்கிறார். எரிச்சலோடு விரலை உதறியதுதான் சரியான அளவாக இருந்திருக்கிறது. நல்ல மனதோடு செய்தது கெட்டது, கெட்ட மனதோடு செய்தது நின்றது. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

சொல்லத்தான் வேண்டுமா என்ன? வாயை மூடிக்கொண்டு இருந்தால் திங்கட்கிழமை தலைமை மேஸ்திரி.

வீட்டில் மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பாட்டை எடுத்துவைத்தாள். "தங்கச்சி வந்து அழுதுட்டுப் போறா. அவர் இனிமே கரண்டியைத் தொடமாட்டேங்கிறாராம். எங்கயோ பேக்கரியில ஆள் கேக்குறாங்களாம், போறாராம்."

கெட்டியார் கை நின்றது. "என்னைப் பத்தி ஏதாவது சொன்னாராமா?"

"சொன்னாராம். 'சகலை மேல ஒரு குறையும் இல்ல. ரெண்டு மாசம் அந்த மனுஷன் கொட்டக் கொட்டத் தண்ணி சுமந்தாரு. என் கைதான் தப்பு'ன்னு சொன்னாராம்."

கெட்டியார் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். இந்த ஆள் விழுகிறபோதும் நல்லவனாகத்தான் விழுவானா? நாற்காலியில் உட்கார்ந்தாலும் இவனுக்கே பெயர், நாற்காலியை விட்டு இறங்கினாலும் இவனுக்கே பெயர். தமக்கு மிஞ்சுவது என்ன? ரோஸ் கலர்ச் சாந்து கலந்தவன், கல்லைக் கொன்றவன். இத்தனைக்கும் அந்தச் சாந்து நல்ல சாந்து! இரும்பு மாதிரி நிற்கிறது, பார்க்க ஒரு ஆள் இல்லை.

அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலையில் டெஸ்ட் மேடம் ஊருக்குப் புறப்படப் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். ஆபீசரும் இருந்தார். பன்னு தன் கரண்டிகளைக் கழுவித் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"மேடம்," என்றார் கெட்டியார், "போறதுக்கு முன்னாடி மூணாம் நம்பர்ல ஒருதடவை அந்த மருந்தைப் பீச்சுங்க."

"அது எதுக்கு இப்ப?"

"பீச்சுங்க. அப்புறம் சொல்றேன்."

உளி 'டக்' என்றது. மருந்து வழிந்தது. நிறம் இல்லை. ஆழத்தில் மட்டும் நூல் கனத்துக்கு ஒரு ரோஸ் கோடு.

டெஸ்ட் மேடம் சுவரைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "இதுக்கு எப்பத் தண்ணியை நிறுத்தினீங்க?"

"நீங்க தோத்துப்போச்சுன்னு சொன்ன அன்னைக்கு."

"அதுக்கு முன்னாடி எவ்வளவு?"

"குழாயில. மூணு வேளையும். ரெண்டு சாக்கு."

"முதல் சுவருக்கு?"

"அதே மாதிரி."

டெஸ்ட் மேடம் பையைக் கீழே வைத்தார். "நாலாம் நம்பருக்கு?"

கெட்டியார் துண்டை எடுத்துத் தோள் மாற்றிப் போட்டார். குழாயடியில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது.

"சொல்லுங்க சகலை" என்றார் பன்னு. குரலில் இன்னும் நம்பிக்கை இருந்தது.

"கை கழுவின தண்ணி" என்றார் கெட்டியார்.

"என்னது?"

"கை கழுவிட்டு உதறினேன். மூணு வேளை. உங்க சாக்கையும் எடுத்து என்னோடதுக்குப் போட்டுக்கிட்டேன். வெடிக்கட்டும்னுதான் செஞ்சேன். வெடிக்கல. போதுமா?"

பன்னு நடந்துபோய் நாலாம் நம்பர் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"கை கழுவின தண்ணியா?"

"ஆமா."

"வாய் கொப்புளிச்சதும் உண்டா?"

"அது இல்ல. சத்தியமா அது இல்ல."

ரெண்டாம் நம்பர் மேஸ்திரிக்குச் சிரிப்பு பீறிட்டது. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு சாரத்துக்குப் பின்னால் ஓடினான். பன்னு சிரிக்கவில்லை. துணியில் சுற்றிய கரண்டிகளைத் திரும்பப் பிரித்து எடுத்துக்கொண்டு முதல் சுவர்ப் பக்கம் போனார். கெட்டியாரைத் தாண்டித்தான் போனார், முகத்தைப் பார்க்காமல்.

ஆபீசர் திட்டியதையெல்லாம் எழுத இந்தத் தாள் போதாது. ஆனால் சிமெண்ட் வண்டி வரவில்லை. முதல் சுவரைச் செதுக்காமல் காற்றாட விட்டார்கள். ஆறாம் வாரம் நகம் இறங்கவில்லை.

கெட்டியாருக்கு ஒரே ஒரு கேள்வி மட்டும் பாக்கி இருந்தது. டெஸ்ட் மேடம் தனியாக இருக்கும்போது பிடித்துக் கேட்டார்.

"மேடம், இப்ப ரெண்டும் இறுகிடுச்சுல்ல? மூணா, நாலா? எது நல்லது?"

டெஸ்ட் மேடம் பொய் சொல்லத் தெரியாதவர். "மூணு நல்ல சாந்துதான். அன்னைக்கு உங்க மணலைக் குறை சொன்னது என் தப்பு. உள்பக்கச் சுவருக்கு அதையே வெச்சுக்கலாம். ஆனா மழை அடிக்கிற வெளிச்சுவருக்கு…" இழுத்தார். "நாலுதான் இன்னும் கொஞ்சம் நல்லா மூச்சு விடுது."

இதைக் கேட்கவா அத்தனை பேர் முன்னால் மானத்தை வாங்கிக்கொண்டோம் என்று கெட்டியார் அன்று முழுக்க உளியைப் போட்டு அடித்தார். தம்முடைய பழைய சிமெண்ட் ஒட்டை, பக்கத்துச் செங்கல் நோகாமல் பெயர்த்து எடுக்கிற வேலை அவருக்கு. கேட்டு வாங்கிக்கொண்டது.

பன்னு மூன்று வாரம் பேசவில்லை. "அதை எடுத்துக் கொடுக்கச் சொல்லு", "இதை வைக்கச் சொல்லு" என்று மூன்றாவது ஆள் வழியாகத்தான் பேச்சு.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை மாமியார் கண்டிப்பாக வரச் சொல்லிவிட்டார். போனால், நாற்காலியில் பன்னு. கெட்டியார் பாயைப் பார்த்தார். முதலில் கை கழுவலாம் என்று பின்கட்டுக்கு நடந்தார்.

"சகலை" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மூன்று வாரத்தில் முதல் வார்த்தை. பன்னு நாற்காலியை விட்டு எழுந்து கதவுநிலையில் வந்து நின்றிருந்தார். "தண்ணியைக் கீழ விட்டு வீணாக்காதீங்க. சுவத்தைப் பாத்து உதறுங்க. மாமியார் வீடும் பழைய வீடுதான்."

உள்ளே அக்காளும் தங்கையும் சிரித்தார்கள். மாமியாருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. "என்னடி, எதுக்குடி சிரிக்கிறீங்க?" என்று இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

கெட்டியார் இரண்டு கையையும் நிதானமாகக் கழுவினார். திரும்பினார். பத்து விரல் ஈரத்தையும் சேர்த்துச் சகலையின் முகத்தில் ஒரே உதறு.

"மூணு வேளை வாங்கிக்குங்க" என்றார். "நல்லா இறுகிடுவீங்க."

பன்னு முகத்தைத் துடைத்தபடி சிரிக்க ஆரம்பித்தார். அவர் கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் கெட்டியார் விறுவிறுவென்று உள்ளே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். புது மெத்தை மெத்தென்று அமுங்கியது. இவ்வளவு சுகத்தையா இத்தனை நாளாக இந்த ஆள் அனுபவித்தான் என்று, உட்கார்ந்த இடத்திலேயே அவருக்கு மறுபடி வயிறு எரிந்தது.